வாங்க என்று சொல்லும் கட்டைவிரல்

டிவி இருட்டிப்போன அன்றைக்கே தீர்த்தம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. முதலில் கரண்டின் மேல் வந்தது. பிறகு ஜன்னல் வழியாக நாள் முழுக்கத் தூசி அனுப்பும் மண்சாலையின் மேல் வந்தது. கடைசியில், ஒரு பாவமும் அறியாமல் வாசலில் படுத்திருந்த நாயின் மேல் வந்து நின்றது. அது எழுந்து போய் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டது.

பத்து வருஷத்து டிவி. சத்தம் குறைவில்லாமல் வந்தது, படம்தான் இல்லை. காரிமங்கலத்திலிருந்து மெக்கானிக் மாது வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, திரையின் மேல் டார்ச் அடித்துக் காட்டினான். அந்த வட்ட வெளிச்சத்துக்குள், கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் நிற்பவள் போல ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"படம் இருக்குதுங்க. உள்ள வெளிச்சம் குடுக்கற லைட்டு பட்டைதான் அவுட்டு. தர்மபுரியிலருந்து வரவெக்கணும். மூணு நாளு பொறுங்க."

"மாத்துனா ஓடுமா?"

"ரெண்டு மூணு வருசம் ஓடுங்க. ஆனா அடிச்சு சத்தியம் பண்ண மாட்டேன்."

"உன் சத்தியம் யாருக்கு வேணும்? ஓடுனா போதும்."

கட்டிலில் சாய்ந்திருந்த காளியப்பன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வலது கையும் காலும் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. பேச்சும் அன்றோடு போயிற்று. 'ம்மா' என்று ஒரு ஒலி மட்டும் மிச்சம். பசி, வலி, சந்தோஷம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஒலிதான்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் கால் வைப்பவரை வீட்டுக்காரன் 'வாங்க' என்று சொல்ல வேண்டும். சோறு போடாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். 'வாங்க' சொல்லாவிட்டால் பொறுக்கமாட்டார்கள். காளியப்பனின் தங்கை வீட்டுக்காரர் ஒருமுறை வந்தபோது, கயிற்றில் கால் மாட்டிக்கொண்ட மாட்டை விடுவிக்கிற பதற்றத்தில் இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மனிதர் அப்படியே திரும்பிப் போனவர், நான்கு வருஷம் இந்த வாசலை மிதிக்கவில்லை. அதிலிருந்து காளியப்பனுக்கு ஒரு பயம். வழியில் போகிறவரைக்கூட 'வாங்க, வாங்க' என்று கூப்பிட்டுவிடுவார்.

அப்படிப்பட்டவர் வாய் கட்டிப்போய்க் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் கட்டிலருகே நிற்பார்கள். இவர் உதட்டை அசைப்பார், ஒன்றும் வராது, கண் நிறைந்துவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமலேயே பலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

வழி காட்டியது டிவிதான். பக்கத்துக் காட்டில் விவசாயம் பார்க்கும் கிருஷ்ணப்பன் ஒருநாள் வந்தார். அவர் வீட்டில் பேசுவது கன்னடம். காளியப்பன் இடது கையால் ரிமோட்டை எடுத்து, கட்டைவிரலால் தட்டுத் தடுமாறி, கன்னடச் செய்தியைப் போட்டார். கிருஷ்ணப்பன் திரையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், ஓவென்று சிரித்துவிட்டார். "அட பாவி, எனக்காப் போட்ட? என்னைய வான்றியா?" காளியப்பன் தலை ஆடிற்று. அன்று அவர் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

அதன் பிறகு வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சேனல். தீர்த்தம்மாளின் அக்கா வந்தால் கோயில் பூஜை. சர்க்கரை பார்க்க வரும் நர்ஸம்மாவுக்குச் சினிமாப் பாட்டு. எண்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். ரிமோட்டில் எழுத்து அழிந்துபோனதால், விரலுக்கு அடையாளம் தெரியட்டும் என்று நடு பட்டனில் தீர்த்தம்மாள் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். வந்தவர்களும் புரிந்துகொண்டார்கள். "மாமா நமக்குப் போட்டுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்கள். திரை இருட்டிப்போன பிறகும், கிருஷ்ணப்பன் வந்தபோது அந்த இருட்டுக்குள்ளிருந்து கன்னடம் கேட்டது.

இதையெல்லாம் தீர்த்தம்மாள் மகனிடம் சொன்னதில்லை. அருள்குமார் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். அரைநாள் இருப்பான், அதிலும் பாதி போனுக்குள் இருப்பான். டிவி போன செய்தி தெரிந்ததும் போன் செய்தான்.

"தூக்கிப் போடும்மா அத. செத்த மாட்டுக்கு எதுக்கு லாடம்? நான் புதுசு வாங்கியாறேன்."

"வேணாங்கறேன். மாது ரிப்பேர் பண்றேன்னு சொல்லியிருக்கான்."

"இன்னைக்கு லைட்டும்பான், நாளைக்கு போர்டும்பான். உனக்கு என்ன, புதுசுன்னாலே ஆவாதா?"

"உங்கப்பாவுக்கு இதுதான்டா பழக்கம்."

"பழக்கத்த மாத்திக்கலாம்மா. நல்லதா ஒண்ணு பாக்கட்டுமே அவுரு."

"வேணாம்னா வேணாம்" என்று அவள் போனை வைத்துவிட்டாள். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளை ஒரு வார்த்தை 'ஏன்' என்று கேட்கட்டுமே என்ற வீம்பு அவளுக்கு. அவன் கேட்கவில்லை. இரண்டு பேருமே ஒரு வார்த்தை தூரத்தில் நின்றுகொண்டு கோபித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சந்தை. இரண்டு கூடை தக்காளியோடு விடிகாலையிலேயே காரிமங்கலம் போனவள், விற்றுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பினாள். வாசலில் மகனின் பைக். உள்ளே பெரிய அட்டைப்பெட்டியும் தெர்மாகோல் துணுக்குகளும். சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு டிவி. அதில் ஏதோ வெளிநாட்டுக் கடல் நீலமாக அடித்துக்கொண்டிருந்தது.

கிருஷ்ணப்பன் வாசற்படியிலேயே நின்றிருந்தார். புது டிவி பார்க்க வந்தவர் போல. கட்டிலில் காளியப்பன் கையில் மெல்லிய கறுப்புக் குச்சி போல ஒரு ரிமோட். அதில் எண்களே இல்லை.

"அப்பா, நம்பரெல்லாம் வேணாம்ப்பா. இந்த பட்டன அமுத்திக்கிட்டு பேசுனா போதும். என்ன வேணும்னு சொன்னா அதுவே போட்டுக்கும். சொல்லுங்க."

காளியப்பன் கிருஷ்ணப்பனைப் பார்த்தார். பட்டனை அழுத்தினார். வாயருகே கொண்டுபோனார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, "ம்மா... ம்ம்மா" என்றார்.

"மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள்" என்றது டிவி, இனிமையான பெண் குரலில்.

அவர் மறுபடியும் சொன்னார். அது மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. காளியப்பன் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமி, "ஊட்டா ஆய்தா காளியப்பா? சாப்ட்டியா? நான் அப்புறமா வரேன்" என்று படியிறங்கிவிட்டார்.

தீர்த்தம்மாள் தலையிலிருந்த வெறுங்கூடையைத் தரையில் வீசினாள். அது உருண்டு போய் மகன் காலில் இடித்தது.

"எங்கடா பழைய டிவி?"

"எக்ஸ்சேஞ்சுல குடுத்தாச்சும்மா. கடைக்காரங்க புதுச கொண்டாந்து மாட்டிட்டு அத எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ரிமோட்டு?"

"அந்தக் கேபிள் பெட்டி, ரிமோட்டு எல்லாத்தையும் சேத்துதான் போட்டுக் குடுத்தேன். இனிமே நமக்குக் கேபிளே வேணாம். எல்லாம் நெட்டுல வந்துரும்."

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதான சொல்லுவ? அதான் நீ சந்தைக்குப் போற நாளாப் பாத்து வந்தேன்."

திருட்டுத்தனத்தைக்கூடப் பெருமையாகச் சொன்னான். பாவம், அவன் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. போனஸ் வந்ததும், கூட வேலை செய்பவர்களெல்லாம் போன் வாங்கியபோது, அவன் அப்பாவுக்கென்று டிவி வாங்கினான். அந்த மனசை ஆண்டவன் அறிவான். ஆனால் தீர்த்தம்மாள் அன்று ஆண்டவன் இல்லை.

"நாயி திருடற மாதிரி வந்திருக்கியேடா! அதுவாச்சும் ஆளு இல்லாத வூட்ல திருடும். நீ உங்கப்பன் கண்ணு முன்னாடியே தூக்கிக் குடுத்திருக்க!"

"என்னாம்மா பேசற? கஷ்டப்பட்டு வாங்கியாந்தா இதான் மரியாதையா? அப்பா கிரிக்கெட்ட பெருசா பாக்கட்டும்னுதான வாங்குனேன்! நான் எப்ப வந்தாலும் அதத்தான பாத்துக்கினு இருக்காரு?"

"கிரிக்கெட்டா? உங்கப்பனுக்கா?" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழுகையை விடப் பயமாக இருந்தது. "கால் நல்லா இருந்தப்ப உன்னைய கெரவுண்டுலருந்து வெளக்கமாத்தால அடிச்சு இட்டாந்த மனுசன்டா அவுரு. அது உனக்குடா! நீ படியேறுனா 'வா கண்ணு'ன்னு சொல்ல வாயில்லாம, உனக்குப் புடிச்சதப் போட்டு வெக்கறாரு. ரெண்டு வருசமா உன்னைய வான்றாரு. நீ ஒருநாளாச்சும் நிமிந்து பாத்தியா? அந்தப் போன விட்டு நிமிந்தாத்தான?"

அருள்குமார் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

அவள் நிற்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் ஒதுங்கி மரியாதையாக இடம் விட்டாள். தீர்த்தம்மாள் சொல்லிக்கொண்டிருந்தது ஸ்லோகம் அல்ல.

அட்டைப்பெட்டியில் பேர் போட்டிருந்த அந்தக் கடை, சந்தைக்குப் போகிற வழியில் இருந்தது. வாசலிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில எங்க வூட்லருந்து எடுத்தாந்த டிவி வந்தாவணும். அது வர்ற வரைக்கும் ஒரு ஆளு இந்தப் படியத் தாண்ட முடியாது."

உள்ளே இருந்த வேலைக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "அந்த இருட்டு டிவியா? அதுக்கா இவ்ளோ அக்கப்போரு?" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரித்தான்.

கடைக்காரர் பூவரசன் மேசை மேல் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் கவளம் எடுத்திருந்தார். தீர்த்தம்மாள் எழுந்து நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"வாயில்லாத மனுசனோட நாக்க அறுத்து மூட்ட கட்டிக் கொண்டாந்துட்டு, இங்க உக்காந்து சோறு திங்கறீங்களா? இந்தச் சோறு உள்ள எறங்குமா உங்களுக்கு?"

சாப்பிடுகிறவனைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. பூவரசன் கவளத்தைத் திரும்ப டிபனில் வைத்தார். கை கழுவினார். பதிலுக்கு அவரும் ஒன்று சொல்லியிருந்தால் அந்தக் கடையில் அன்று என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. என்னான்னு சொல்லுங்க."

யாராவது ஒருவர் இப்படிக் கேட்கவேண்டும் என்றுதான் அவள் மூன்று நாளாகக் கோபித்துக்கொண்டிருந்தாள் போலும். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாட்டின் காலில் கயிறு மாட்டியதிலிருந்து, சற்று முன்னால் டிவி மன்னிப்புக் கேட்டது வரைக்கும். சிரித்தவன் எப்போது சிரிப்பை நிறுத்தினான் என்று தெரியவில்லை. பைக்கில் பின்னாலேயே வந்த அருள்குமார் கடைக்கு வெளியே, வெயிலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

பூவரசன் அவளைக் குடோனுக்கு அழைத்துப் போனார். பழைய டிவி சுவரோரம் சாய்ந்திருந்தது. அதன் மேல் ஒரு வாஷிங் மெஷினைச் சாத்தி வைத்திருந்தார்கள். கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டிருந்தது.

"இது போச்சுக்கா. இனிமே மெக்கானிக் இல்ல, அந்த முனியப்பனே எறங்கி வந்தாலும் ஆவாது."

தீர்த்தம்மாள் விரிசலைத் தடவிப் பார்த்தாள். கத்த வேண்டும் போலிருந்தது.

"ஒரு நிமிசம் இருங்க" என்று பூவரசன் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்தார். உள்ளே ஐந்தாறு கேபிள் பெட்டிகள், ஒயர்கள், ரிமோட்டுகள். "அவுரு கையில வெச்சிருந்தது எதுங்கக்கா? பொட்டு வெச்சதா? காலையிலயே பசங்க பாத்துட்டு, 'அண்ணா, கல்யாணம் ஆன ரிமோட்டு வந்திருக்கு'ன்னு சிரிச்சானுங்க."

அதேதான்.

"இது டிவி ரிமோட்டே இல்லக்கா. கேபிள் பெட்டி ரிமோட்டு. டிவி எதுவா இருந்தா என்ன? இந்தப் பெட்டிய புது டிவியில சொருகுனா அதே சேனலு, அதே நம்பரு. டிவி வெறும் கண்ணாடிதான்."

தீர்த்தம்மாள் அந்த ரிமோட்டையும் அவர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்திருந்தது. டிவி என்றால் டிவி. மகனுக்கும் அப்படியே தெரிந்திருக்கிறது. பழசு என்றால் எல்லாம் பழசு. ஒரே வீட்டு அறியாமை. அவள் காப்பாற்ற நினைத்தாள், அவன் தூக்கி எறிந்தான். வெட்கம் வந்தது. வெட்கத்தோடு இன்னும் கொஞ்சம் கோபமும் வந்தது.

"அப்ப நான் எதுக்குங்க இவ்ளோ நேரம் கத்துனேன்?"

"நீங்க கத்தலன்னா சாயந்தரம் இந்தக் கூடை கேபிள் ஆபீசுக்குப் போயிருக்கும். அவங்க வேற வூட்டுக்குக் குடுத்திருப்பாங்க."

"சோத்து மேல ஒரு வார்த்த சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"கொழம்புல காரம் கொறவுதான்க்கா. நீங்க வந்தீங்க, சரியாப் போச்சு" என்றார் பூவரசன்.

சாப்பாட்டை முடித்துவிட்டு அவரே தன் வண்டியில் வந்தார். கேபிள் ஒயரை அருள்குமார் அறுக்காமல் ஜன்னலில் சுருட்டிக் கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. பெட்டியை மாட்டி, டிவியைப் போட்டதும் நேராகக் கேபிளே வரும்படி திருப்பி வைத்தார். எண்ணில்லாத அந்தக் கறுப்பு ரிமோட்டைத் தீர்த்தம்மாள் கையில் கொடுத்து, "இத நீங்க வெச்சுக்கங்க. சத்தம் பத்தலன்னா மட்டும் எடுங்க" என்றார். கூலி கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கினார்.

பழைய ரிமோட் கைக்கு வந்ததும் காளியப்பன் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு பூவரசனைப் பார்த்தார். அறியாத முகம். விரல் நகர்ந்தது. செய்தி வந்தது, பூவரசன் தண்ணீர் குடித்தார். சமையல் வந்தது. சண்டைப்படம் வந்தது. விவசாயம் வந்தது. காளியப்பனின் கண் திரையில் இல்லை, விருந்தாளியின் முகத்தில் இருந்தது. ஏதோ ஒரு பழைய பாட்டு வந்தபோது பூவரசனின் கையில் சொம்பு அரை நொடி நின்றது. காளியப்பனின் கட்டைவிரலும் நின்றது.

"உங்களுக்குத்தாங்க அது" என்றாள் தீர்த்தம்மாள். "வாங்கன்றாரு."

பூவரசன் சொம்பைக் கீழே வைத்தார். கட்டிலைப் பார்த்துக் கைகூப்பினார். "வந்தேங்கய்யா" என்றார். பாட்டு முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனார்.

அருள்குமார் அதுவரை உள்ளே வரவில்லை. வாசலில் பைக்கின் மேல் சாய்ந்து நின்றிருந்தான். தீர்த்தம்மாள் வெளியே வந்தாள். அவள் குரலில் சூடு இன்னும் இருந்தது.

"என்னா, மரமாட்டம் நிக்கற? செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. அந்தப் போன பையில போடு."

அவன் போனைப் பையில் போட்டான். படியேறி, நிலைவாசலில் நின்று, அப்பாவை நேராகப் பார்த்தான்.

காளியப்பனும் பார்த்தார். கட்டைவிரல் எண்களை அழுத்தியது. கிரிக்கெட் வந்தது. பச்சை மைதானம் சுவர் முழுக்க விரிந்தது. அருள்குமாரின் முகம் இளகிற்று. ஒரு காலை உள்ளே வைத்தான். உடனே காளியப்பன் சேனலை மாற்றிவிட்டார். யாரோ ஒருவர் பருத்திக்கு உரம் போடுவது பற்றிப் பேசினார். மகன் அங்கேயே நின்றான். காளியப்பன் மறுபடி கிரிக்கெட்டைப் போட்டார். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே மறுபடி மாற்றினார். பிறகு ரிமோட்டை மார்பின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அருள்குமார் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா, அப்பா..."

"என்னைய ஏன் பாக்கற? கோவம் அவுருக்கு." தீர்த்தம்மாளின் குரல் ஏனோ உடைந்திருந்தது. "படட்டும். ரெண்டு வருசமா அழத்தான் முடிஞ்சுது அவுரால. ஒருத்தரு மேல கோவப்படறதுக்குக்கூட வழியில்லாம கெடந்தாரு. நல்லாப் படட்டும். நீ உக்காரு."

காளியப்பன் "ம்மா" என்றார். அது பசியா, வலியா, சந்தோஷமா என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'சரியாச் சொன்ன' என்று அர்த்தம்.

அருள்குமார் கட்டிலின் கால்மாட்டில், தரையில் உட்கார்ந்தான். 'வா' என்று யாரும் சொல்லவில்லை. உரம் போடுகிறவர் நெடுநேரம் பேசினார். எந்த மாதத்தில் எத்தனை மூட்டை, எந்த மண்ணுக்கு எது என்று பேசினார். அவன் ஒருமுறைகூடப் பைக்குள் கை விடாமல், அந்த நிகழ்ச்சி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலமே கிளம்பவேண்டியவன், கம்பெனிக்குப் போன் செய்து இன்னும் ஒருநாள் லீவு சொல்ல வேண்டும் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தான்.